‘வேண்டாம்’ என்று வாக்களிக்கும் அங்கத்தவரை எப்படி மதிப்பிடுவது?

தேர்தல் நெருங்கிவிட்டால் றக்வான பகுதித் தோட்டங்களில் ஒரே கேள்விதான் லயத்துக்கு லயம் கேட்கும்: “போன தடவை வாக்குப் போட்டோமே, எங்களுக்கு என்ன கொண்டுவந்தார்?” கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், பாதைக்குக் கல், கோவிலுக்கு ஒலிபெருக்கி என்று ஒரு கணக்கு விரல்விட்டு எண்ணப்படும். இக்கேள்வியைக் குறைகூற முடியாது. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்பவன் தகரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பான். ஆனால் பாராளுமன்றத்துக்கு நாம் அனுப்பும் ஒருவரின் வேலை முழுவதையும் இந்த ஒரு கோலால் அளந்துவிட முடியுமா?

உலகெங்கும் உள்ள சட்டசபைகளில் ஒரு வகை அங்கத்தவர் உண்டு. “அரசாங்கம் செய்யவேண்டியது கொஞ்சமே; அதை நேர்மையாகச் செய்யட்டும். மற்றவற்றில் கைவைக்காதிருக்கட்டும்” என்பது அவர் கொள்கை. செலவு மசோதா வந்தால் எதிர்ப்பார். புதிய அதிகாரம் கேட்டால் மறுப்பார். இவரிடம் “என்ன கொண்டுவந்தீர்?” என்று கேட்டால் கை வெறுமையாகத்தான் இருக்கும். அப்படியானால் அவர் பதவியில் இருந்தது வீணா? இப்பாடத்தில் அதை ஆராய்வோம். இப்படிப்பட்டவரை மதிப்பிடக் கற்றுக்கொண்டால், மற்ற எந்த அங்கத்தவரையும் மதிப்பிடும் தெளிவு நமக்கு வந்துவிடும்.

சிறு அரசாங்கம் என்றால் என்ன?

நமக்கு அருகிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1959ஆம் ஆண்டு சென்னையில் இராஜாஜி அவர்கள் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எதற்கெடுத்தாலும் அரசாங்கத்திடம் அனுமதிச் சீட்டுக்காகக் காத்துநிற்கும் நிலையை அவர் ‘பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்யம்’ என்று சாடினார். இந்திய மக்களவையில் அக்கட்சி 1962இல் 18 ஆசனங்களையும் 1967இல் 44 ஆசனங்களையும் பெற்றது. 1971இல் எட்டாகக் குறைந்தது. 1974இல் வேறொரு கட்சியோடு இணைந்து மறைந்தது.

திருச்சபையின் சமூகப் போதனையிலும் இதனோடு தொடர்புள்ள ஒரு கருத்து உண்டு. 1931இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடலில், குடும்பமும் சிறு சமூகங்களும் தாமே செய்யக்கூடியதை மேலுள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று போதித்தார். ஆனால் கீழுள்ளவர்களால் இயலாதபோது மேலுள்ளவர்கள் துணைநிற்க வேண்டும் என்பதும் அப்போதனையின் மறுபாதி. இவ்விரண்டு பாதிகளையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பொய்யான அளவுகோல்

ஓர் அங்கத்தவர் எத்தனை சட்டங்களை நிறைவேற்றினார் என்று எண்ணுவது பலர் கையாளும் முறை. அமெரிக்கக் காங்கிரஸில் டெக்சாஸ் மாநிலத்தின் பிரதிநிதியாகப் பல தவணைகள் இருந்த மருத்துவர் றொன் போல் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 முதல் 2011 முடியும்வரை அவர் கொண்டுவந்த மசோதாக்கள் 620. அவற்றுள் சட்டமானது ஒன்றே ஒன்று: பழைய சுங்கக் கட்டடம் ஒன்றை ஊர்ச் சரித்திரச் சங்கத்துக்கு விற்பதற்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால், இவருக்கு ஒன்றுக்கு மேல் புள்ளி கொடுக்க முடியாது.

ஆனால் நம் சொந்தச் சரித்திரத்தைப் பாருங்கள். மலையகத் தமிழ் மக்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய தீங்கு, நிறைவேறாமற்போன மசோதாவினால் வந்ததல்ல. நிறைவேறிய மசோதாவினால் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோனது. அன்று அதை எதிர்த்து வாக்களித்தவர்கள் சிறு அரசாங்கக் கொள்கையினர் அல்லர். இலங்கை இந்திய காங்கிரஸ் அங்கத்தவர்களும் இடதுசாரிகளும் திரு. செல்வநாயகமும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் தோற்றார்கள். ஆயினும் அந்த ‘வேண்டாம்’ வீணான சொல் என்று நம்மில் யார் சொல்வோம்? கெட்ட சட்டத்தை எதிர்ப்பதும் ஒரு வேலைதான்.

எனவே சட்டங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, நான்கு கேள்விகளைக் கேட்போம்.

1. சொன்னதும் வாக்களித்ததும் ஒன்றா?

மேடையில் சிக்கனம் பேசிவிட்டு, சபையில் அமைச்சர்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கைதூக்குபவர் எந்தக் கொள்கைக்கும் உரியவரல்லர். றொன் போல் பெரும்பாலும் சொன்னபடியே வாக்களித்தவர். அவரிடமும் ஒரு சிக்கல் இருந்தது. தமது தொகுதிக்கான ஒதுக்கீடுகளைச் செலவு மசோதாவில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்வார்; பிறகு அதே மசோதாவை எதிர்த்து வாக்களிப்பார். “எம் மக்கள் கட்டிய வரியில் ஒரு பங்கு அவர்களுக்கே திரும்பட்டும்” என்பது அவர் தரப்பு நியாயம். மசோதா எப்படியும் நிறைவேறிவிடும், தமக்கு வரவேண்டியதும் வந்துவிடும் என்று தெரிந்தே எதிர்ப்பது எளிதல்லவா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இக்கேள்வி நியாயமானதே. தனக்கு நட்டம் வரும் இடத்திலும் கொள்கையைக் காப்பவனையே உறுதியானவன் என்கிறோம்.

2. எதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்?

சிறுபான்மையாக நிற்பவர் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் கணக்குக் கேட்கலாம். சுதந்திராக் கட்சியின் மினூ மசானி 1967இல் இந்தியப் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவரானார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. அவருடைய கட்சி மறைந்தது. அந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. அவ்வாறே அமெரிக்க மத்திய வங்கியின் கணக்கைப் பரிசோதிக்க வேண்டுமென்று றொன் போலும் வேறு சிலரும் விடாமல் வற்புறுத்தினர். அதன் பயனாக, நெருக்கடிக் காலத்தில் அவ்வங்கி கொடுத்த அவசரக் கடன்களைப் பரிசோதிக்கும் ஏற்பாடு 2010இல் சட்டத்தில் இடம்பெற்றது. மறு ஆண்டே அறிக்கையும் வெளியாயிற்று. இது 620 மசோதாக்களின் கணக்கில் ஏறாத பலன்.

நம் நாட்டிலும் இத்தகைய இடங்கள் உண்டு. பொதுக் கணக்குக் குழு 1921இலும், ‘கோப்’ எனப்படும் பொது முயற்சிகள் பற்றிய குழு 1979இலும் அமைக்கப்பட்டன. அரச தோட்டங்களை நடத்தும் கூட்டுத்தாபனங்களும் ‘கோப்’ குழுவின் முன் பதில் சொல்லவேண்டியவையே. நம் அங்கத்தவர் அங்கே இருந்தாரா, என்ன கேட்டார் என்று விசாரித்தோமா?

3. அதிகாரம் கைக்கு வந்தபோது என்ன செய்தார்?

எதிர்ப்பது ஒன்று, ஆள்வது வேறு. இராஜாஜி 1952இல் சென்னை மாகாண முதலமைச்சரானார். அதே ஆண்டு ஜூன் மாதம் உணவுத் தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினர், அது நிகழவில்லை. பின்னர் இந்தியா முழுவதிலும் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அரசாங்கம் கையை எடுத்ததால் மக்கள் பயனடைந்த சந்தர்ப்பம் இது.

மறு ஆண்டே இன்னொன்று செய்தார். 1953இல் வந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தின்படி கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குறைந்த செலவில் கூடுதலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்பது நோக்கம். மக்களோ அதைக் ‘குலக்கல்வி’ என்று கண்டித்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கொழுந்து பறிக்கும் தாயின் மகள் கொழுந்துதான் பறிக்கப் பழக வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்? ஒரே மனிதர், ஒரே சிக்கன நோக்கு. ஒன்று மக்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது, மற்றொன்று ஏழைப் பிள்ளையின் கதவை அடைத்தது. கொள்கையின் பெயரைக் கேட்டு முழுவதையும் புகழ்வதும் முழுவதையும் தள்ளுவதும் தவறு.

4. அவருடைய ‘வேண்டாம்’ யாரைக் காத்தது?

நான்கிலும் முக்கியமான கேள்வி இதுவே. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை போய் அரசாங்கம் முதலாளியாயிற்று, லயம் மாறவில்லை. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. மறுபடியும் முதலாளி மாறினார், லயம் மாறவில்லை. அரசாங்கம் பெரிதானாலும் சிறிதானாலும் அது மட்டும் தொழிலாளியை வாழவைத்துவிடாது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இன்னொன்றையும் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்தபின் நெடுங்காலமாக, தோட்ட மக்கள் சபைக்கு வாக்குப் போடலாம். ஆனால் சபையின் பணம் தோட்டத்து எல்லையைத் தாண்டி வர முடியாது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டு அதற்கு வழி பிறந்தது. “அரசாங்கம் விரியக்கூடாது” என்று ஒருவர் அத்திருத்தத்தை மறுத்திருந்தால், அவருடைய மறுப்பு பலவானைத்தான் காத்திருக்கும். 1948இல் சொல்லப்பட்ட ‘வேண்டாம்’ எளியவனைக் காக்க முயன்றது. சொல் ஒன்றே, நிறை வேறு.

காலம் தரும் தீர்ப்பு

சுதந்திராக் கட்சி எதிர்த்த லைசென்ஸ் முறையின் பெரும்பகுதி 1991இல் இந்தியாவில் நீக்கப்பட்டது. ஆகவே அவர்கள் வென்றார்கள் என்று சிலர் சொல்வர். அம்மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்நியச் செலாவணி நெருக்கடி. மறைந்துபோன கட்சியின் பேச்சன்று. பிற்காலம் ஒருவரைச் சரியென்று காட்டலாம். அதனால் அவர் பதவியில் இருந்தபோது பயனுள்ளவராக இருந்தார் என்று ஆகிவிடாது. தீர்க்கதரிசியையும் பிரதிநிதியையும் ஒரே தராசில் வைக்கலாகாது. பிரதிநிதிக்கு ஐந்து ஆண்டுச் சம்பளம் கொடுப்பவர்கள் நாம். அந்த ஐந்து ஆண்டுக்குள் கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையதே.

இரத்தினபுரி மாவட்டத்தில் நமது வாக்குகள் சிதறிக் கிடக்கின்றன. அதனால் வாக்கைச் சிந்திக்காமல் போடுவது நமக்கு இரட்டை நட்டம். தகரம் கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் அந்தத் தகரம் நம் வரிப்பணமே என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். பாராளுமன்றத்தில் பேசியவை ஹன்சார்ட்டில் அச்சாகின்றன. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அரச அலுவலகங்களிடம் எழுத்தில் விபரம் கேட்கலாம். படித்த இளைஞர் ஒருவர் தோட்டத்துக்கு இருந்தால் போதும், இதைச் செய்துவிடலாம்.

குடும்பமாகக் கலந்துரையாட:

அ) நமது மாவட்ட அங்கத்தவர்கள் கடைசியாக எந்த மசோதாவை எதிர்த்தார்கள்? ஏன் என்று நமக்குத் தெரியுமா?

ஆ) நம் தோட்டத்தில் அரசாங்கம் கையெடுக்க வேண்டிய காரியம் எது? கைகொடுக்க வேண்டிய காரியம் எது?

இ) அடுத்த தடவை வாக்குக் கேட்டு வருபவரிடம், “என்ன கொண்டுவருவீர்?” என்பதோடு சேர்த்து, “எதைத் தடுப்பீர், யாருக்காக?” என்று கேட்க நாம் தயாரா?