நெடும் பிரயாணத்துக்கு ஒரே நூல்

சென்னையை அடுத்த வானகரத்திலிருந்து டில்லிக்குப் புறப்படுகிறவர் பல் துலக்கும் பிரஷ்ஷையோ துண்டையோ மறந்துவிட்டால் வழியில் ஏதாவது ஒரு நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். தமிழ் நூலை மறந்துவிட்டாலோ, கூடூரைத் தாண்டிய பிறகு அதற்குப் பரிகாரமே கிடையாது. டில்லியில் தமிழ்ச் சங்கத்து நூலகம் உண்டு என்றாலும், அது பிரயாணம் முடிந்த பின் வரும் சௌகரியமே அல்லவா? இதை நான் எத்தனை முறை எடுத்துரைத்தும் செவிகொள்ளாத என் அண்ணன் மகன், “போனுக்குள்ளேயே ஒரு லைப்ரரி இருக்கும்போது இந்தச் சுமை எதற்குச் சித்தப்பா?” என்று சொல்லி, என் பெட்டியிலிருந்த உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, கைபேசியில் நூற்றுக்கணக்கான நூல்களை ஏற்றிக் கொடுத்தான். என் பெண்ணைப் பார்க்கப் போகிற நேரத்தில் வீட்டில் வாக்குவாதம் வேண்டாமென்று நானும் இணங்கினேன்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கடப்பது ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரம். ஆயினும், சென்ட்ரலிலிருந்து இரவில் புறப்படுகிற அந்த வண்டியில் முதல் இரவு உறக்கத்தில் போய்விட, பொழுது விடிந்து வாரங்கல் பக்கம் கண் விழித்தது முதல் போபாலை நெருங்கும் இரவு வரையில் நமக்கு வாய்ப்பது ஒரே ஒரு பகல்தான். மறு விடியற்காலையில் டில்லி வந்துவிடுகிறது. அந்த ஒரு பகலையே நான் இழந்தேன். ஒரு நூலில் சில பக்கங்கள் படிப்பதற்குள், பட்டியலில் அடுத்திருப்பது இதைவிட நன்றாயிருக்குமோ என்ற சஞ்சலம். அதைத் திறந்தால் மூன்றாவதன்மேல் நாட்டம். இப்படியாகக் கோதாவரியைக் கடப்பதற்குள் பல நூல்களைத் தொட்டும் ஒன்றினுள்ளும் பிரவேசிக்கவில்லை. ஜன்னலோர வெயிலில் திரை கண்ணைக் கூசச் செய்தது. நாகபுரி வருமுன்பே சார்ஜும் தீர்ந்தது. பெட்டியில் வேலை செய்த பிளக்கை சகபிரயாணிகளின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கிரமித்துக்கொண்டன.

சார்ஜ் தீர்ந்ததுதான் குற்றம் என்று அண்ணன் மகன் இன்றும் வாதிக்கிறான். பவர் பேங்க் ஒன்று வாங்கித் தந்து கணக்கைத் தீர்த்துவிடலாமென்றும் நினைக்கிறான். என் அபிப்பிராயம் வேறு. நூல்களின் பெருக்கமே அந்தப் பகலைத் தின்றது. எப்போது வேண்டுமானாலும் வேறொன்றுக்குத் தாவலாம் என்ற சுதந்திரம் இருக்கும் வரையில், மனம் எந்த நூலுக்கும் தன்னை ஒப்புக்கொடுப்பதில்லை.

அடுத்த பிரயாணத்தில் யாருடைய யோசனையையும் கேளாமல் ‘என் சரித்திர’த்தை மட்டுமே எடுத்துச் சென்றேன், அந்தப் பகல் முழுவதும் எனக்குச் சொந்தமாயிற்று. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-இல் ஆசிரியர் மறைந்ததனால் முற்றுப்பெறாமல் நின்ற அந்நூல், சிறு சிறு அத்தியாயங்களால் ஆனது. காபிக்காரர் வந்தாலும், டிக்கெட் பரிசோதகர் வந்தாலும், எதிர் இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தாலும், விட்ட இடத்திலிருந்து தடையின்றித் தொடர முடிகிறது. வாசகன் ஒரு வாரம் காத்திருந்து மீண்டும் வருவான் என்று அறிந்து எழுதப்பட்ட தொடர்கள் ரயிலுக்கு மிகவும் உகந்தவை என்பது என் முடிவு. 1950 முதல் 1954 வரை கல்கியில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னும் அத்தகையதே, அதன் ஐந்து பாகங்களில் ஒன்று ஒரு வழிக்குப் போதும். ஹௌரா செல்கிறவர்கள், தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தை த. நா. குமாரஸ்வாமியின் தமிழில் கொண்டுபோனால், வங்க மண்ணில் இறங்குமுன்பே அம்மண்ணின் கிராமம் ஒன்றில் வாழ்ந்திருப்பார்கள்.

நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். 1844-இல் சென்னையில் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ் தென்னாட்டு நிலையங்களிலும், 1877-இல் அலகாபாத்தில் தோன்றிய வீலர் கம்பெனி வட நாட்டிலும் பிரயாணிகளுக்குப் புத்தகம் அளித்த காலம் ஒன்று இருந்தது. இன்று நடைமேடைக் கடைகள் பலவற்றில் தண்ணீர் பாட்டிலுக்கும் பிஸ்கட்டுக்கும் பின்னால்தான் நூல்களுக்கு ஸ்தானம். மேலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மாலை நெரிசலைக் கடந்து, கோயம்பேட்டில் மெட்ரோ பிடித்துச் சென்ட்ரலை அடையும் நமக்கு, நின்று நிதானித்துத் தேர்ந்தெடுக்க அவகாசம் ஏது? ஒரு வாரம் முன்பே நூலை நிச்சயித்துவிட வேண்டும்.

மற்றவை சில்லறை விஷயங்கள்: எழுத்து பெரிதாக இருக்கட்டும்; தையல் கட்டு இருந்தால் நூல் விரிந்து நிற்கும்; இரவல் நூல் வேண்டாம்; மாற்று மூக்குக்கண்ணாடி ஒன்று அவசியம்.

வீட்டில் வருஷக்கணக்காகப் படிக்க நினைத்தும் அவகாசம் கிடைக்காத நூல் எதுவோ, அதுவே பிரயாணத்துக்கு உரியது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பாரம் என்று சொல்லி அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க எந்த இளைஞனையும் அனுமதியாதீர்கள்.