ஆயில் சம்ப் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும்?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் டிராக்டரோ சிறு சரக்கு வண்டியோ இல்லாத ஊர் இன்று அரிது. ஒட்டன்சத்திரத்திற்குக் காய்கறியும் ஈரோட்டிற்கு மஞ்சளும் ஏற்றிச் செல்லும் விவசாயிகள் பலர் சில்லறைப் பழுதுகளைத் தாங்களே பார்த்துக் கொள்கிறார்கள். இது வரவேற்கத் தக்கதே. ஆனால் இஞ்சின் அடியில் ஆயில் சொட்டக் கண்டதும் ஸ்பானரை எடுத்து, சம்ப் போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்குவது தவறு. அதனால் ஒழுகல் நிற்பதற்குப் பதில் அதிகமாகிறது.

பட்டறைகளில் 'ஆயில் சேம்பர்' என்று சொல்லப்படும் இத்தொட்டி பல வண்டிகளில் மெல்லிய தகட்டால் ஆனது. இதற்கும் இஞ்சின் பிளாக்கிற்கும் இடையே கார்க் அல்லது ரப்பர் பாக்கிங் இருக்கும். போல்ட்டை அளவு மீறி முறுக்கினால், ஓட்டையைச் சுற்றியுள்ள தகடு குழிந்து விடுகிறது. அங்கே பாக்கிங் நசுங்கிப் பிளக்கிறது. இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவிலோ அழுத்தமின்றித் தளர்ந்து நிற்கிறது. ஆயில் கசிவது அந்த நடுப் பகுதியில்தான். மேலும் முறுக்கினால் மரை போய்விடும்.

முதலில் ஒழுகுவது சம்ப் தானா என்று உறுதி செய்து கொள்ள வேண்டும். டேப்பட் கவரில் கசியும் ஆயிலும், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலில் கசியும் ஆயிலும் கீழே இறங்கி சம்ப்பில்தான் சொட்டும். இஞ்சினின் மூச்சுக் குழாய் அடைத்துக் கொண்டாலும் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் வெளியே தள்ளும். திருப்பூர் பனியன் வேஸ்ட் கொண்டு அடிப்பகுதியை நன்கு துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி, சிறிது நேரம் இஞ்சினை ஓட விட்டு நிறுத்திப் பார்த்தால், ஈரம் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

பெர்குசன் வகை டிராக்டர்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. இஞ்சினே முன் அச்சையும் கியர் பெட்டியையும் இணைக்கிறது. இவ்வகையில் சில மாடல்களின் சம்ப் வார்ப்பிரும்பால் ஆனது. வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. அதைத் தோட்டத்தில் கழற்றுவது ஆபத்து. பட்டறைக்கே விட்டுவிட வேண்டும். தகட்டு சம்ப்பைக் கழற்றும்போதும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. சக்கரத்திற்கு அணை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே நுழைய வேண்டும்.

கழற்றிய சம்ப்பின் விளிம்பில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் குழிந்த இடங்கள் தெரியும். அவற்றை மரக்கட்டையின் மேல் கவிழ்த்துச் சுத்தியால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தலாம். பழைய பாக்கிங்கின் துணுக்கு ஒன்றுகூட இரு பரப்பிலும் தங்கக் கூடாது. போல்ட் ஓட்டைக்குள் ஆயில் நின்றால் அதையும் துடைத்து விட வேண்டும்.

புதிய பாக்கிங் வைத்து, எல்லா போல்ட்டுகளையும் விரலால் மூன்று நான்கு மரை ஏற்றிய பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். நடுவில் தொடங்கி, இடமும் வலமுமாக மாறி மாறி ஓரங்களை நோக்கிச் செல்ல வேண்டும். ஒரே சுற்றில் இறுக்காமல், இரண்டு மூன்று சுற்றுகளாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

எவ்வளவு முறுக்குவது? வண்டியின் கையேடு சொல்வதே முடிவானது. 10ஆம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டிற்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஸ்பிரிங் தராசைப் பயன்படுத்தலாம். போல்ட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, கைப்பிடியில் தராசைக் கொக்கியிட்டு, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்கும்போது மூன்றரைக் கிலோ காட்டினால், அது ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் ஆகும். ஒரு முறை இப்படிச் செய்து பார்ப்பவர்களுக்கு, இதுவரை எத்தனை மடங்கு முறுக்கி வந்தோம் என்பது வியப்பாகவே இருக்கும்!

பாக்கிங்கிற்குப் பதிலாக சிலிக்கான் பசை இடும் வண்டிகளும் உண்டு. பசை கூடினால் நல்லது என்று அப்பி விடுகிறார்கள். உள்ளே பிதுங்கிய பசை காய்ந்து உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்துக் கொள்ளும். ஆயில் ஏறாமல் பேரிங் பிடித்து விட்டால் கிராங்க் ஷாஃப்ட் வரை செலவு வைக்கும். ஆடிப் பட்டத்தில் உழவும் நின்று போகும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கோடாக, போல்ட் ஓட்டைகளின் உட்புறத்தைச் சுற்றி வருமாறு இட்டால் போதும். டியூபில் குறிப்பிட்ட நேரம் காய்ந்த பிறகே ஆயில் ஊற்ற வேண்டும். டிரெயின் போல்ட்டிற்குப் புது செம்பு வாஷர் போடுவது நலம்.

கார்க் பாக்கிங் போட்டிருந்தால், இஞ்சின் சூடேறி ஆறிய பின் ஒரு முறை சோதித்து, தளர்ந்த போல்ட்டை மட்டும் அதே அளவிற்குக் கொண்டு வரலாம். சிலிக்கான் பசை இட்டதை மறுபடி முறுக்கக் கூடாது; காய்ந்த பசை விட்டுப் போகும்.