விருந்தினரை மேடையோடு அனுப்பிவிடாதே

ஓமந்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பேத்திக்கு,

இயற்பியல் துறை மன்றத்துக்கு இந்த ஆண்டு உன்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னான். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஆள் தேடுவதிலிருந்து மைக் சரிபார்ப்பது வரை எல்லாம் உன் தலையில்தான் என்று நீயும் போனில் சிரித்தாய். போனில் புத்தி சொன்னால் "சரி தாத்தா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் இப்படிப்பட்ட விழாக்களை நிறையப் பார்த்தவன் நான். பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. அழைப்பிதழில் பத்தரை மணி என்று இருக்கும். விருந்தினரின் கார் பதினொன்றரைக்கு வரும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அதற்குமேல் இன்னொரு வாழ்த்துரை. ஆளுக்கொரு பொன்னாடை. சிறப்புரைக்கு விருந்தினர் எழுந்திருக்கும்போது பிள்ளைகளின் மனசு மெஸ்ஸுக்குப் போயிருக்கும். அவரும் பார்த்துவிட்டுச் சுருக்கிக்கொள்வார். நேரமில்லை என்று சொல்லிக் கேள்வி நேரத்தை வெட்டுவார்கள். நன்றியுரை மட்டும் சுருங்காது; பந்தல்காரர் பெயர் வரைக்கும் வரும். மறுநாள் நாளிதழில் படம் வந்துவிட்டால் விழா வெற்றி.

இதில் குறை என்ன தெரியுமா? வந்தவரின் நேரத்தை முழுக்க மேடை வாங்கிக்கொள்கிறது. அவரிடமிருந்து எதையாவது பெற வேண்டிய பிள்ளைகள் அவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இதைத்தான் நீ மாற்ற வேண்டும்.

உன் துறையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1928-ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அறுபதை எட்டிக்கொண்டிருந்த பெரிய பேராசிரியர். அணுவின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் அன்றைக்கு உலகமெங்கும் பாடநூல். மாநிலக் கல்லூரியில் அவருடைய சொற்பொழிவு. கேட்டவர்களில் ஒருவர் அங்கே பட்டப்படிப்பில் இருந்த சுப்ரமணியன் சந்திரசேகர். வயது ஏறத்தாழ 18. சோமர்ஃபெல்டின் அந்த நூலை யாரும் சொல்லாமலே தானாகப் படித்து முடித்திருந்த பையன்.

பேச்சு முடிந்ததும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்களோடு அவர் சேரவில்லை. மறுநாள் சோமர்ஃபெல்டு தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். உங்கள் நூலைப் படித்திருக்கிறேன் என்றார். அந்த நூலுக்குப் பிறகு இயற்பியல் அடியோடு மாறிவிட்டது என்று அதை எழுதியவரே சொல்லிவிட்டார்! ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் ஆகியோர் கொண்டுவந்த புதிய குவாண்டம் இயங்கியலை எடுத்துச் சொன்னார். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் மெய்ப்புத் தாள்களையும் பையன் கையில் கொடுத்தார்.

அந்தத் தாள்களில் இருந்தது ஃபெர்மி–டிராக் புள்ளியியல். சில மாதங்களில் அதை வைத்துச் சந்திரசேகர் ஒரு கட்டுரை எழுதினார். 1929-இல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது அதே புள்ளியியலை வெண்குள்ளன் விண்மீன்களுக்குப் பொருத்திக் கணக்குப் போட்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் ஒரு விண்மீன் வெண்குள்ளனாக நிலைக்க முடியாது என்ற முடிவு அங்கிருந்து வந்தது. அதைத்தான் நீங்கள் சந்திரசேகர் எல்லை என்று படிக்கிறீர்கள். 1983-இல் நோபல் பரிசு.

எல்லாம் ஒரு சொற்பொழிவால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அன்று அரங்கில் இருந்த எல்லோரும் அதே பேச்சைத்தான் கேட்டார்கள். வித்தியாசம் இரண்டு இடத்தில். பேச்சாளர் வருவதற்கு முன்னாலேயே அவரைப் படித்திருந்தது ஒன்று. பேச்சு முடிந்த பிறகு அவரைத் தேடிப் போனது இன்னொன்று. நம் விழாக்களில் இந்த இரண்டுக்கும்தான் இடமே வைப்பதில்லை. அதனால் முதல் வேலையாக, விருந்தினரின் ஒரு கட்டுரையையோ நூலின் ஓர் இயலையோ இரண்டு வாரம் முன்னதாகப் பிள்ளைகளிடம் கொடு. கொஞ்சம் பேர் கூடி அதை வாசித்து, புரியாததைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அடுத்தது, பேச்சுக்குப் பிறகு விருந்தினரைப் பிள்ளைகளோடு உட்கார வை. மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடு. மதியச் சாப்பாட்டையும் துறைத் தலைவர் அறையில் வைக்காமல் பிள்ளைகளோடு வைக்க முடியுமா என்று கேட்டுப் பார். ஹைசன்பர்க் 1929-இல் சென்னை வந்தபோது அவரைக் கூட இருந்து கவனித்து ஊரைச் சுற்றிக் காட்டியவர் அதே சந்திரசேகர்தான். வந்தவரை ரயிலடியிலிருந்து அழைத்துவரும் வேலையைச் சின்ன வேலையென்று நினைக்காதே. அந்தக் கார்ப் பயணத்தில் கிடைப்பது அரங்கில் கிடைக்காது. நன்றாகப் படிக்கிற, வாய் திறக்கத் தயங்குகிற பிள்ளை யாரையாவது அதற்கு அனுப்பு.

பேச வருகிறவர் தங்கிப் பேசுவதையே முறையாக வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு 1968-இல் அறிஞர் அண்ணா 'சப் ஃபெல்லோ' என்ற சிறப்பு விருந்தினராகப் போனார். அந்த அழைப்பின் நோக்கமே, வந்தவர் சில நாள் வளாகத்தில் இருந்து மாணவர்களோடு நெருங்கிப் பழக வேண்டும் என்பதுதான். முதலமைச்சராக இருந்தவரே நேரம் ஒதுக்கிப் போனார் என்றால், உங்கள் விருந்தினரிடம் கூடுதலாக அரை நாள் கேட்பதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சின்ன அறையை இளக்காரமாக நினைக்காதே. 1960-இல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தார். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். வீட்டில் நடந்த கருத்தரங்குதான். அங்கே வந்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்த போர் அவர்களைப் பற்றிப் பிரதமர் நேருவிடம் உயர்வாகச் சொன்னார். மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமும் துணை நின்றார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழாவுக்கு வந்திருந்தவர் யார் தெரியுமா? சந்திரசேகர். தரமணியில் இன்றைக்கும் இயங்குகிற அந்த நிறுவனத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா. அங்கே நடக்கும் கருத்தரங்குகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் போதும்.

அடுத்து, யாரை அழைப்பது. பதவி பெரியதாக இருந்தால் கூட்டம் வரும் என்று உனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பதவிக்காக வருகிற கூட்டம் பதவியைப் பார்த்துவிட்டுப் போய்விடும். பேசப்போகும் பொருளில் கை வைத்து வேலை செய்தவரை அழை. அவர் பெயர் சுவரொட்டியில் எடுபடாவிட்டாலும் பரவாயில்லை. பட்டம் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. நம் ஊர் ராமசாமி ரெட்டியார் விவசாயி. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டார். கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் வந்தவை. நிலத்தை அறிந்தவர் சொல்வதைப் படித்தவர்கள் உட்கார்ந்து கேட்ட காலம் அது. உனக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மரக்காணம் உப்பளத்தில் ஆயுசு முழுக்க வேலை செய்த ஒருவரை ஒரு வருஷம் அழைத்துப் பார். எந்தக் காற்றுக்கு உப்பு சீக்கிரம் விளையும், பாத்தியில் தண்ணீர் எந்தப் பதத்துக்கு வந்தால் வார வேண்டும் என்று அவர் சொல்லட்டும். ஆவியாதலையும் படிகமாதலையும் பலகையில் எழுதிப் படித்த உங்களுக்கு அவரிடம் கேட்க நிறைய இருக்கும். அவருக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே பயணப்படி, அதே மதிப்பூதியம், அதே நாற்காலி. அதில் குறை வைக்காதே.

கேள்வி நேரத்தைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. நிகழ்ச்சி நிரலில் அதற்கென்று அரை மணி நேரம் எழுதி வை; யார் பேச்சு நீண்டாலும் அதில் கை வைக்க விடாதே. முதல் கேள்வி மாணவருடையதாக இருக்கட்டும். பேராசிரியர்கள் முதலில் எழுந்தால் கேள்வி என்ற பெயரில் இன்னொரு சொற்பொழிவு நடக்கும்; அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் எழுந்திருக்காது. துண்டுச் சீட்டில் எழுதித் தரவும் வழி செய். தமிழிலும் கேட்கலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடு. கிராமத்திலிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகள் மனசுக்குள் நல்ல கேள்வியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வருகைப் பதிவுக்காகவும் சான்றிதழுக்காகவும் அரங்கை நிரப்பாதே. முந்நூறு பேர் போனைத் தடவிக்கொண்டிருப்பதைவிட முப்பது பேர் கேட்பது பேசுகிறவருக்கு மரியாதை.

பேசியதைக் காற்றோடு விட்டுவிடாதே. தமிழறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் அறக்கட்டளை ஏற்படுத்தினார். 1959-60 முதல் பத்தாண்டுக் காலம் அதில் நிகழ்ந்த திருக்குறள் உரைகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1971-இல் ஒரே தொகுதியாக வெளியிட்டது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தாகூர் தம் பெயரால் சட்டச் சொற்பொழிவுகள் நடக்கச் சொத்து எழுதிவைத்தபோது, நிகழ்ந்த உரையை அச்சிட்டு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதை உயிலிலேயே சேர்த்தார். பணம் போட்டவருக்குப் பேச்சின் அருமை தெரிந்திருக்கிறது. அறக்கட்டளை என்பது வைப்புத்தொகையின் வட்டியில் நடப்பது. எப்போதோ போட்ட முதல் அப்படியே இருக்கும், விலைவாசி ஏறிக்கொண்டே போகும். இன்றைய வட்டி விருந்தினரின் ரயில் டிக்கெட்டுக்கே பற்றாமல் போகலாம். கையில் இருக்கும் கொஞ்சத்தைப் பொன்னாடைக்கும் ஃபிளெக்ஸுக்கும் நினைவுப் பரிசுக்கும் கரைக்காதே. உரையைப் பதிவு செய்து, இரண்டு பேரை உட்கார்த்தி எழுத்தாக்கி, பேசியவருக்கே அனுப்பித் திருத்தி வாங்கு. சின்னப் புத்தகமாகப் போட்டுத் துறை நூலகத்தில் வை. அந்த அறக்கட்டளை யார் பெயரில் இருக்கிறது, அவர் எதற்காக அதை வைத்தார் என்பதை முதல் பக்கத்தில் எழுது. அவர் குடும்பத்தார் இருந்தால் அழைப்பிதழ் அனுப்ப மறக்காதே.

இதையெல்லாம் செய்யப்போனால் தடை வரும். ஒரு வாழ்த்துரையைக் குறைத்தாலே வருத்தப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மரியாதையாகப் பேசு, ஆனால் நேரத்தை விட்டுக்கொடுக்காதே. முதல் நிகழ்ச்சியிலேயே எல்லாவற்றையும் மாற்ற முடியாது. கேள்வி நேரத்தையும், விருந்தினர் பிள்ளைகளோடு உட்காரும் நேரத்தையும் மட்டும் இந்த ஆண்டு காப்பாற்றிக் காட்டு. மீதியை உனக்குப் பின்னால் வருகிற செயலாளர் பார்த்துக்கொள்வார்.

செயலாளர் வேலை ஒரு வருஷத்தில் முடிந்துவிடும், கண்ணு. மாணவி என்கிற வேலை அப்படி முடியாது. ஆகையால் ஏற்பாடுகளில் ஓடியாடிக்கொண்டு பேச்சைக் கேட்காமல் இருந்துவிடாதே. பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் நோட்டோடு உட்கார். படித்துவிட்டுப் போ, கேட்டுவிட்டு வா, புரியாததை மறுநாளும் விடாமல் துரத்து.

அன்புடன்,
தாத்தா