இண்டெக்ஸ் வழியே ஒரு விடை, நேர்வழியே ஒரு விடை

இண்டெக்ஸைத் தொட்டுப் போனால் மார்ச் 31 தேதியிட்ட பதிவுகள் வருவதில்லை. டேபிளை முழுக்கப் படித்தால் வருகின்றன. நாங்கள் பராமரித்துவந்த தரவுத்தள எஞ்சினைப் பற்றி வந்த புகாரின் சாரம் இவ்வளவுதான். தேதி மட்டும் இருக்கும் ஒரு ஃபீல்டை, நேரமும் சேர்ந்த ஒரு மதிப்போடு ஒப்பிட்டிருந்தார்கள். "க்வெரியை ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள்" என்று குழுவுக்குள் ஒரு குரல் எழுந்தது. எழுதிய விதம் நல்ல வழக்கமில்லை, வாஸ்தவம். ஆனால் க்வெரி எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும், எந்த வழியாகத் தேடினாலும் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு விடை வந்துவிட்டால் அதற்குமேல் விவாதமே இல்லை, பிழை எஞ்சினுடையது.

எங்கள் டெஸ்ட்களில் இது ஏன் மாட்டவில்லை என்று பார்த்தபோது இரண்டு காரணம் கிடைத்தது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: டெஸ்ட் டேபிளில் பத்துப் பதினைந்து வரி இருந்தால் ஆப்டிமைசர் இண்டெக்ஸ் பக்கமே போகாது, முழுக்கப் படிப்பதே மலிவு என்று முடிவுகட்டிவிடும். ரேஞ்ச் ஸ்கேனைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேறெதையோ சோதித்துக்கொண்டிருப்போம். இண்டெக்ஸைக் கட்டாயப்படுத்தும் குறிப்பு இல்லாமல் எழுதிய ரேஞ்ச் டெஸ்டை நான் இப்போது நம்புவதில்லை.

இரண்டாவது காரணம்தான் சுவாரசியம். டெஸ்டில் எழுதியிருந்த நேரங்களெல்லாம் 00:00:00 என்று முடிந்தன. நம் ஊரில் ஏப்ரல் 1 நள்ளிரவு என்பது யுடிசி கணக்கில் மார்ச் 31 மாலை 18:30. நிதியாண்டுக் கணக்கு எடுக்கும் மென்பொருள் "ஏப்ரல் 1-க்கு முன்" என்பதை '2024-03-31 18:30:00-ஐவிடக் குறைவு' என்று மாற்றி அனுப்பியிருந்தது. உள்ளூர் நள்ளிரவையும் யுடிசி நள்ளிரவையும் ஒன்றாகவே வைத்து டெஸ்ட் எழுதியவர்களுக்கு இந்த மதிப்பு கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

உள்ளே நடந்தது இது. இண்டெக்ஸில் இருப்பவை வெறும் தேதிகள். ஆகவே ரேஞ்சின் எல்லையைக் குறிக்கும்போது ஆப்டிமைசர் மாறிலியையும் தேதியாக மாற்றியது. 18:30 உதிர்ந்து 2024-03-31 மட்டும் மிஞ்சியது. 'குறைவு' என்ற ஒப்பீடு மட்டும் அப்படியே நின்றது. தேதியை நேரத்தோடு ஒப்பிடும்போது மார்ச் 31 என்பது அன்றைய 00:00 மணி, 18:30-ஐவிடக் குறைவுதான், விடைக்குள் வரவேண்டியது. மாற்றிய எல்லையோ 'மார்ச் 31-க்கு முன்' என்று மார்ச் 30-லேயே நின்றுவிட்டது.

நான்கு ஒப்பீடுகளையும் தாளில் எழுதிப் பார்த்ததும்தான் இது இவ்வளவு நாள் மறைந்திருந்த சூட்சுமம் புரிந்தது. 'அதிகம்', 'குறைவு அல்லது சமம்' இரண்டும் நேரம் உதிர்ந்தாலும் தற்செயலாகச் சரியாகவே இருக்கின்றன. 'அதிகம் அல்லது சமம்' தவறுகிறது, ஆனால் ஒரு நாள் கூடுதலாகப் படிக்கும் திசையில் தவறுகிறது. பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் மூல நிபந்தனையோடு மறுபடி ஒப்பிடும் ஃபில்டர் அந்த வரிகளைத் தள்ளிவிடுவதால் பயனருக்கு எதுவும் தெரியாது. 'குறைவு' ஒன்றுதான் வெளியே தெரிந்து கெடுகிறது. பிட்வீன் போட்டு எழுதுகிறவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ரேஞ்ச் ஒரு வலை மாதிரி. பெரிதாக வீசினால் வேண்டாத மீனைக் கரையில் எறிந்துவிடலாம். வலைக்கு வெளியே நின்ற மீனைக் கரையில் தேடிப் பயனில்லை. ரேஞ்ச் சார்ந்த எந்தக் குறியீட்டைப் படித்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, இது தவறினால் எந்தப் பக்கம் தவறும் என்பதுதான்.

முதலில் முன்வைக்கப்பட்ட திருத்தம் எளிமையானது: மாறிலியில் நேரம் இருந்தால் 'குறைவு' என்பதை 'குறைவு அல்லது சமம்' ஆக்கிவிடுவது. அதிகம் படித்தால் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம். ஆனால் எங்கள் ஆப்டிமைசரில் இன்னொரு சிக்கனமும் இருந்தது. ரேஞ்ச் நிபந்தனையை முழுமையாகச் சொல்லிவிட்டது என்று தோன்றினால் ஃபில்டரையே கழற்றிவிடும். நேரம் சரியாக 00:00:00 ஆக இருந்தால் 'சமம்' சேர்ந்தது தவறு, தடுக்கவோ ஆளில்லை. இல்லாத வரிகளை மீட்கப்போய் வேண்டாத வரிகளைக் கொண்டுவந்திருப்போம். ஆகவே ஊகிக்காமல் ஒப்பிட்டோம்: மாற்றிய மதிப்பை மூல மதிப்போடு வைத்துப் பார்ப்பது. சமமென்றால் எதையும் தொடாதே. மாற்றியது சிறிதென்றால் 'குறைவு', 'குறைவு அல்லது சமம்' ஆகட்டும்; 'அதிகம் அல்லது சமம்', 'அதிகம்' ஆகட்டும்.

ஒரு பிழை கிடைத்தால் அதன் பங்காளிகளையும் தேடுங்கள். முழு எண் ஃபீல்டை 10.6 உடன் ஒப்பிட்டால் மாறிலி 11 ஆக மேலே உருண்டது. இங்கே 'அதிகம்' 11-ஐ விழுங்கியது. கண்ணாடிப் பிம்பம்போல அதே பிழை, எதிர்த் திசையில். இறங்குவரிசை இண்டெக்ஸ் இன்னொரு பொறி. அங்கே ரேஞ்சின் தொடக்கமும் முடிவும் இடம் மாறும். அந்த மாற்றத்துக்குப் பிறகு திருத்தத்தைச் செய்தால் தவறான முனையைத் திருத்துவோம். அதனால் ஒப்பீட்டை அதற்கு முன்பே முடித்துவிட்டோம்.

இப்படிப்பட்ட பிழைகளை மற்ற எஞ்சின்களில் தேடும்போது கருவிகளின் எல்லையும் தெரிந்திருப்பது நல்லது. மைஎஸ்க்யூஎல்லில் வழக்கமான அட்டவணை வடிவ எக்ஸ்ப்ளெய்ன் 'ரேஞ்ச்' என்று சொல்லுமே தவிர ரேஞ்சின் எல்லைகளைச் சொல்லாது, 5.6 பதிப்பில் வந்த ஆப்டிமைசர் ட்ரேஸில் அவை வெளிப்படும். இண்டெக்ஸ் இல்லாத விடையைப் பெற அங்கே இக்னோர் இண்டெக்ஸ் உண்டு. எஸ்க்யூலைட்டில் ஃபீல்டின் முன் ஒரு கூட்டல் குறி போட்டாலே போதும். போஸ்ட்கிரெஸ்ஸில் இண்டெக்ஸ் ஸ்கேனை மட்டும் அணைத்துவிட்டு ஏமாறாதீர்கள், பிட்மேப் ஸ்கேனையும் அணைக்க வேண்டும்.

சோதனைக்கு மானுவல் ரிக்கரும் செந்தோங் சூவும் 2020-ல் வெளியிட்ட முறைகள் கைகொடுத்தன. நிபந்தனை உண்மையாகும் வரிகள், பொய்யாகும் வரிகள், நல் (NULL) ஆகும் வரிகள் மூன்றையும் கூட்டினால் முழு டேபிள் வரவேண்டும் என்பது ஒன்று. எங்கள் மார்ச் 31 இந்த மூன்றிலும் இல்லை: உண்மைப் பக்கம் ரேஞ்ச் விட்டது, பொய்ப் பக்கம் ஃபில்டர் தள்ளியது. சரியான விடை என்ன என்று யாரும் எழுதிவைக்காமலே பிழை சிக்குகிறது. எல்லா ஒப்பீடுகளையும் ஏறுவரிசை, இறங்குவரிசை இண்டெக்ஸ்களோடும், எல்லைக்குச் சற்று முன், சரியாக எல்லையில், சற்றுப் பின் என்ற மாறிலிகளோடும் பெருக்கி டெஸ்டில் சேர்த்தோம்.

பழைய பதிப்பிலிருந்து உடனே நகர முடியாதவர்களுக்கு நாங்கள் சொன்ன மாற்றுவழி ஒரே வரிதான்: தேதி ஃபீல்டு என்றால் மாறிலியையும் தேதியாகவே, 2024-04-01-க்குக் குறைவு என்று அனுப்புங்கள்.