அறுபதில் பிரிகிறாயா? முதலில் காகிதங்களை எடு

"இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்பார்கள், தங்கச்சி. கோயில் தலைவர் கேட்பார், உன் மூத்த மகனும் கேட்பான். பிரிவதா சேர்ந்திருப்பதா என்பது உன் முடிவு, அதற்குள் நான் வரவில்லை. பிரிவது என்று முடிவெடுத்துவிட்டால் மட்டும், எந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே வீட்டில் வாயைத் திற. அதுவரை சமையலைப் பார்.

உன் கல்யாணத் தேதியில் தொடங்குவோம். நம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம்தான். அது நடப்புக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியிருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் பதிவான திருமணமாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் கட்டிக்கொண்டு பதிவிலாகா பக்கமே போகாதவள் என்றால், வேறு எதையும் செய்வதற்கு முன் வழக்கறிஞரைப் பார். அது சிக்கலான இடம், அக்கம்பக்கத்து ஆலோசனை உதவாது.

தோட்டத்தில் நாலு பெரியவர்களை உட்கார வைத்து எழுதி, இருவரும் கைநாட்டு வைத்த தாள் மணவிலக்கு ஆகாது. அந்தத் தாளை நம்பி இருபது வருஷம் தனியாக வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீ மனைவிதான். உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்தவர்களுக்கு அது ஷா ஆலம். இருவரும் ஒத்துப்போனால் கூட்டு மனு போடலாம், அலைச்சல் குறைவு. ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்கு முன் போய் வர வேண்டும். அதற்கே ஆறு மாதம் வரை ஆகலாம். தீர்ப்பு வந்த பிறகும் அது உறுதியாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இப்போது வீடு. நம் பக்கத்துப் பெண்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். லயத்து வீடு கம்பெனியுடையது. நாற்பது வருஷம் அதில் கூட்டிப் பெருக்கியிருந்தாலும் பங்கு போட அதில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருஷம் போராடினார்கள் என்று உனக்குத் தெரியும். உன் குடும்பத்துக்கு அப்படி ஏதாவது வீடு வருவதாக இருந்தால், ஒதுக்கீட்டுக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பார்.

சொந்தமாக வாங்கிய மலிவு விலை வீடு உன் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறதா? பயப்படாதே. திருமண காலத்தில் சேர்ந்த சொத்தை நீதிமன்றம் பிரிக்கும்போது, யார் பணம் கட்டினார் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டைக் கவனித்தது, பிள்ளைகளை வளர்த்தது, எத்தனை வருஷத் திருமணம் எல்லாம் கணக்கில் வரும். 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ள திருத்தத்துக்குப் பிறகு, சம பங்கை நோக்கிச் சாய்ந்தே நீதிபதி யோசிக்க வேண்டும். அவருடைய அப்பா விட்டுப்போன நிலத்து வீடு என்றாலும், நீ பெரட்டுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் பின்கட்டும் கூரையும் போட்டு அந்த வீட்டின் மதிப்பைக் கணிசமாக உயர்த்தியிருந்தால் அதையும் சொல்லலாம். ஆதாரம் வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, மரக்கடை ரசீது, எது இருந்தாலும் தேடி எடு. வரி பில்லில் உள்ள பட்டா எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்தால், இப்போது யார் பெயர், எந்த வங்கிக்கு அடமானம் எல்லாம் தெரிந்துவிடும். அவர் விற்றுவிடுவார் என்று சந்தேகம் வந்தால், தனியார் கேவியட் (விற்பனையைத் தடுக்கும் பதிவு) போட முடியுமா என்று வழக்கறிஞரிடம் உடனே கேள்.

அடுத்தது அவருடைய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி). 55 வயதில் முழுவதையும் எடுக்கலாம். எடுத்த பணம் தம்பி கடனுக்கும் புது லாரிக்கும் போன பிறகு அழுது பயனில்லை. மனுவிலேயே அந்தச் சேமிப்பைப் பெயர் சொல்லிக் கேட்கச் சொல். ஒன்றை மறக்காதே, திருமண காலத்தில் சேர்ந்த உன் இபிஎஃப்பும் கணக்கில் வரும்.

மாதாமாதம் ஜீவனாம்சம் தந்தால் போதும் என்று சிலர் சம்மதித்துவிடுகிறார்கள். அறுபத்தைந்து வயது மனிதரிடம் அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சொத்தைப் பிணையாக வைக்காத ஜீவனாம்ச உத்தரவு அவர் கண்ணை மூடியதும் முடிந்துவிடும். பிணை வைத்திருந்தால் உன் ஆயுள் வரை நிற்கும். அதனால் மொத்தத் தொகையோ வீட்டில் பங்கோ கேள். முடியாவிட்டால் பிணை கேள். அவர் சொக்சோவில் இலாட் பென்ஷன் (உடல் முடியாமல் போனவர்களுக்கான ஓய்வூதியம்) வாங்குகிறாரா என்றும் பார். அவருக்குப் பின் அது மனைவிக்குத் தொடரும், முன்னாள் மனைவிக்குத் தொடராது. அப்படிப்பட்ட குடும்பத்தில் மணவிலக்குக்குப் பதில் நீதிமன்றப் பிரிவு ஆணை பொருந்துமா என்று விசாரிப்பது நல்லது. அதில் திருமண உறவு அறுவதில்லை.

உயில் எழுதியிருக்கிறாயா? கல்யாணம் பழைய உயிலை ரத்தாக்கும், மணவிலக்கு ரத்தாக்காது. பத்து வருஷத்துக்கு முன் எல்லாம் அவருக்கே என்று எழுதியிருந்தால் அது அப்படியே நிற்கும். இபிஎஃப் வாரிசுப் பெயரையும் நீயே போய் மாற்று. காப்புறுதியில் மட்டும் சிக்கல். முஸ்லிம் அல்லாதவர் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ வாரிசாகப் போட்டால் அந்தப் பணம் அறக்கட்டளைப் பணமாகிவிடும். அதை மாற்ற அறங்காவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உயிலே இல்லாமல் வழக்கு நடுவில் ஒருவர் இறந்தால், மற்றவர் இன்னும் துணைதான். பிள்ளைகள் இருந்து பெற்றோர் இல்லாத நிலையில், இறந்தவர் சொத்தில் அந்தத் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு.

கடனுக்கு வருவோம். மகன் காருக்கோ அவர் வியாபாரத்துக்கோ நீ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், நீதிமன்றத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் அறிக்கையை எடுத்துப் பார், இலவசம். நகை யாரிடம், அடகுச் சீட்டு எங்கே என்று எழுதி வை. கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணத்தை) நம்பாதே. 1971ஆம் ஆண்டிலிருந்து கூட்டு நடத்துவது சட்டப்படி தடை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை மணவிலக்கு வழக்கையும் எடுத்து நடத்துகிறது. வருமானம் பார்ப்பார்கள். மைகார்டு, திருமணச் சான்று, பட்டா நகல், இபிஎஃப் அறிக்கை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே உறையில் கொண்டு போ. இன்னொரு நகலை என்னிடம் கொடுத்து வை. மூத்தவன் வீட்டில் வேண்டாம். அவன் உங்கள் இரண்டு பேருக்கும் பிள்ளை, அவனைச் சாட்சியாக இழுக்காதே.