உளவியலைத் துணைத்துறையாகக் கொள்ளுதல்

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் நாம், உளவியலைத் துணைத்துறையாகக் கொள்ள விழைவோமாயின், முதற்கண் அறியவேண்டுவது கணக்கேயாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வகுத்த சட்டகத்தின்படி, மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட்டுகள் வேண்டும். அவற்றுள் துணைத்துறைக்குரியவை 24. நான்காண்டாயின் 160க்கு 32.

ஈண்டு ஓர் ஐயம் எழும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதலிய எட்டனையும், ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நந்நான்கு களங்களாக 32 களங்களையும் கூறுகின்றது. உள்ளத்தை ஆராயும் அவ்வியலை உளவியற் கணக்கிற் சேர்த்தல் கூடாதோ? கூடாது. தமிழ்த்தாளிற் பயின்றது முதன்மைத்துறைக்கே உரித்து. கல்லூரிதோறும் விதி வேறுபடுமாகலின், முதற்பருவத்திலேயே வினவித் தெளிதல் நன்று. இறுதியாண்டில் ஒரு தாள் குறையக் காண்டல் பெருந்துயராம்.

எனினும், எண்ணப்படாத கல்வி வீணன்று. நம் நெல்லைப் பல்கலைக்கழகம் எவர் பெயரைத் தாங்குகின்றதோ, அச்சுந்தரனார் தத்துவப் பேராசிரியராயிருந்தே 1891இல் மனோன்மணீய நாடகத்தை வெளியிட்டார்.