ரேடியேட்டர் இரைச்சல்: காரணம் அறிந்து களையும் முறை

பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் குளிர்காலத்தைக் கடக்க உதவுவது மையச் சூடாக்கல் என்னும் ஏற்பாடாகும். எரிவாயு பாய்லரில் சூடேறிய நீரைப் பம்ப் ஒன்று குழாய்களின் வழியே அறைதோறும் சுவரில் பொருத்தப்பட்டுள்ள எஃகு ரேடியேட்டர்களுக்குத் தள்ள, அங்கே வெப்பத்தை இழந்த நீர் வேறொரு குழாய் வழியாகப் பாய்லருக்கே திரும்பி மீண்டும் சூடேறுகிறது. இந்த நீர் சமையலறைக் குழாயில் வரும் நீரோடு கலப்பதில்லை. ஒருமுறை நிரப்பிய நீரே ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. சுற்று முழுவதும் நீர் நிறைந்து, காற்று கலவாமல், அளவான வேகத்தில் ஓடும்வரை பெரிதாக எந்த ஓசையும் எழுவதில்லை. ஆகவே ரேடியேட்டர் களகளவென்றோ, சீறியோ, டக்டக்கென்று தட்டியோ ஒலித்தால் அமைப்பில் ஏதோ ஒன்று பிறழ்ந்துள்ளது என்று கொள்ளவேண்டும். ஒலியை ஒருநாள் அடக்குவது எளிது. காரணத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் அடக்குபவர் சில ஆண்டுகளில் ரேடியேட்டரையோ பாய்லரையோ மாற்ற நேரலாம் என்பதால், இங்குக் கூறப்படும் ஒவ்வொரு படியிலும் காரணமே முதன்மை பெறுகிறது.

கருவிகளைக் கையிலெடுக்கும் முன் செவியைப் பயன்படுத்தவேண்டும். ஒலி எப்போது எழுகிறது, எங்கே எழுகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்ததாகும். சூடேறத் தொடங்கும்போதும் பின்னர் ஆறும்போதும் மட்டும் கேட்கும் தட்டல் ஒலி, உலோகம் விரிந்து சுருங்குவதைக் காட்டும். பம்ப் ஓடும் நேரமெல்லாம் வால்வின் அருகே கேட்கும் சீறல், நீரின் மிகுவேகத்தைக் காட்டும். களகளப்பு, நீரோடு வாயு கலந்திருப்பதைக் காட்டும். பாய்லரிலிருந்தே வரும் உறுமல், படிவையோ நீரோட்டக் குறைவையோ காட்டும். இத்துடன் ரேடியேட்டரைக் கவனமாகத் தொட்டும் பார்க்கவேண்டும்: மேற்பகுதி குளிர்ந்தும் அடிப்பகுதி சூடாகவும் இருந்தால் மேலே வாயு தங்கியிருக்கிறது, அடிப்பகுதியின் நடுவிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே கசடு படிந்திருக்கிறது.

வீட்டார் தாமே செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. ரேடியேட்டர், அதன் வால்வுகள், அழுத்தமானி ஆகியவற்றைக் கையாளலாம். எரிவாயு பாய்லரின் உறையைத் திறந்து செய்யும் பணியைக் கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்ற பணியாளரிடமே விடவேண்டும். 2009 ஏப்ரல் 1 அன்று, கிரேட் பிரிட்டனில் கோர்கி என்னும் பழைய பதிவேட்டின் இடத்தில் இப்பதிவேடு நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் குறுகிய காலக் குத்தகையில் குடியிருப்போருக்கு, சூடாக்கும் அமைப்பைப் பழுதின்றி வைத்திருப்பது 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்–குத்தகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி வீட்டு உரிமையாளரின் கடமை. அண்மையில் குடியேறிய பலர் இதை அறியாமல் தம் கைப்பணத்தைச் செலவிடுவதால் இது அழுத்திச் சொல்லத்தக்கது.

களகளப்புக்கு முதல் மருந்து காற்றை வெளியேற்றுவதாகும். சூடாக்கலை நிறுத்தி, பம்ப் ஓயவும் நீர் ஆறவும் விட்டபின், எல்லா ரேடியேட்டர் வால்வுகளும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து, கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி மேல்தளம் நோக்கிச் செல்லவேண்டும். ரேடியேட்டரின் மேல்மூலையில் உள்ள சிறு சதுரத் திருகாணியில் அதற்குரிய சாவியைப் பொருத்தி, கீழே கிண்ணத்தையும் துணியையும் பிடித்துக்கொண்டு, கடிகார முள்ளின் எதிர்த்திசையில் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை மட்டுமே திருப்பவேண்டும். திருகாணி முழுவதும் கழன்றுவிட்டால் கருநிற நீர் பீறிட்டுத் தரைவிரிப்பைக் கறைப்படுத்தும். சீறல் அடங்கி நீர் இடையறாது வந்ததும் மூடிவிடலாம். வெளியேறும் வாயு காற்றுதானா என்று தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாயு எரியக்கூடிய ஹைட்ரஜனாகவும் இருக்கலாம் என்பதால் அவ்வழக்கத்தைக் கைவிடவேண்டும்.

காற்று வெளியேறியபின் அழுத்தம் குறைந்திருக்கும். மூடிய வகை அமைப்பில், அதாவது மாடத்தில் நீர்த்தொட்டி இல்லாமல் பாய்லரிலோ அதன் அருகிலோ அழுத்தமானி உள்ள அமைப்பில், குளிர்நிலையில் முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்கவேண்டும். குறைந்திருந்தால், பின்னிய உலோக உறை கொண்ட நிரப்புக்குழாயின் வால்வுகளை மெல்லத் திறந்து நிரப்பி, பின் இறுக மூடவேண்டும். நிரப்புக்குழாய் கழற்றக்கூடியதாயின் கழற்றி வைப்பதே முறை. தொட்டி உள்ள பழைய அமைப்பில் மிதவை வால்வு தானே நிரப்பிவிடும். ஆயினும் அம்மிதவை சிக்கிக்கொண்டு தொட்டி வறண்டிருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பார்ப்பது நல்லது.

பெரும்பாலோர் இங்கே நின்றுவிடுகின்றனர். உண்மையான ஆய்வோ இங்கேதான் தொடங்குகிறது. புதிதாக நிரப்பிய நீரில் கரைந்திருக்கும் காற்று சூடேறும்போது பிரிந்து குமிழாவதால், நிரப்பிய சில நாள்களில் ஓரிருமுறை காற்றை வெளியேற்ற நேர்வது இயல்பே. அதன்பின்னும் சில வாரங்களுக்கு ஒருமுறை வாயு சேர்ந்தால் அதற்குரிய மூலத்தைத் தேடவேண்டும். முதல் மூலம் அரிப்பாகும்: எஃகின் இரும்பு நீரோடு வினைபுரிந்து மேக்னடைட் என்னும் கரிய காந்த ஆக்சைடாக மாறும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. அழுத்தம் குறையாமல் வாயு மட்டும் சேர்ந்து, வெளிவரும் நீர் கறுத்திருந்தால் அரிப்பே காரணமாவது பெரும்பாலும் உறுதி. இரண்டாவது மூலம் கசிவு: நீர் வெளியேற, அதை ஈடுகட்ட அடிக்கடி நிரப்பும் புதுநீர் புதிய ஆக்சிஜனைக் கொண்டுவந்து அரிப்பைத் தூண்டுகிறது. ஒவ்வொரு வாரமும் நிரப்புக்குழாயைத் திறக்கும் வீட்டில் ரேடியேட்டர் உள்ளிருந்தே கரைந்துகொண்டிருக்கிறது என்பதை உணர்த்துவது கடினம். உணர்ந்தவர் அவ்வழக்கத்தைத் தொடரமாட்டார்.

கசிவே கண்ணுக்குப் படாமல் அழுத்தம் மட்டும் விழுந்துகொண்டிருந்தால் விரிவுக்கலத்தை ஐயுறவேண்டும். நீர் சூடேறிப் பருமன் கூடும்போது அந்த மிகுதிக்கு இடங்கொடுக்க, ரப்பர் சவ்வின் மறுபுறம் காற்றை அடைத்து வைத்துள்ள கலம் இது. அக்காற்று இறங்கிவிட்டால் சூடேறுந்தோறும் அழுத்தம் 3 பாரை எட்ட, பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளிச்சுவர்க் குழாய் வழியாகத் தெருவோரமோ தோட்டத்திலோ கொட்டிவிடும். ஆறியபின் முள் சுழியத்தை நோக்கி இறங்கியிருக்கும். குளிர்நிலைக்கும் சூடுநிலைக்கும் இடையே முள் பெரிதும் தாவுவதும், வெளிக்குழாயின் நுனி ஈரமாயிருப்பதும் இதன் அடையாளங்கள். இதைச் சரிசெய்வது பணியாளரின் வேலை. அடையாளத்தை முன்கூட்டியே சொல்லக்கூடிய வீட்டார் பணியாளரின் நேரத்தையும் தம் செலவையும் குறைக்கின்றனர்.

சீறலும் விசிலொலியும் வேறு வகையைச் சேர்ந்தவை. சிறிய செம்புக்குழாய்களில் நீரின் வேகம் ஏறத்தாழ நொடிக்கு 1 மீட்டரை மிகும்போது ஓசை எழத் தொடங்குகிறது. அறையின் வெப்பத்தை உணர்ந்து தானே மூடிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வுகள் பல ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால், எஞ்சியவற்றின் இடுக்கில் நீர் பீறிட்டுச் சீறும். தனிப் பம்பில் மூன்று வேகநிலைகள் இருந்தால் ஒருபடி குறைத்து, கடைசி ரேடியேட்டரும் சூடேறுகிறதா என்று பார்க்கவேண்டும். அதன்பின் செய்யத்தக்கது சமன்படுத்தல்: ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் மூடியிட்டு நிற்கும் லாக்‌ஷீல்டு வால்வை, விரைந்து சூடேறும் ரேடியேட்டர்களில் சற்றே மூடியும் தாமதமாகச் சூடேறுபவற்றில் திறந்தும், நீர் நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே பழைய பாய்லராயின் ஏறத்தாழ 11 பாகை செல்சியஸும், புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் வகையாயின் 20 பாகை வரையும் வெப்பநிலை வேறுபாடு அமையுமாறு திருத்தவேண்டும். ஒரு வால்வைத் திருப்பினால் மற்றவற்றின் ஓட்டமும் மாறுவதால், இப்பணி பொறுமையைக் கேட்கும். ஒரு பிற்பகல் முழுவதையும் ஒதுக்குவது தகும். சுத்தியலால் அடிப்பதுபோன்ற வேகமான அதிர்வு ஒரே ரேடியேட்டரிலிருந்து வந்தால், அதன் தெர்மோஸ்டாட் வால்வு ஓட்டத்தின் எதிர்த்திசையில் பொருத்தப்பட்டிருக்கலாம். வால்வின் உடலில் பொறித்துள்ள அம்புக்குறியைப் பார்த்தால் விளங்கும். புதிய வால்வுகளுள் பல இரு திசைக்கும் பொருந்துவன.

டக்டக்கென்னும் தட்டலுக்கு நீரோடு தொடர்பில்லை. 10 மீட்டர் செம்புக்குழாய் 50 பாகை சூடேறினால் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீள்கிறது. தரைப்பலகைக்கு அடியில் மரச்சட்டங்களின் வெட்டுகளில் நெருங்கிக் கிடக்கும் குழாய் அந்நீட்சியைத் தடையின்றி ஏற்கமுடியாமல் சிக்கிச் சிக்கி நழுவுகையில் ஒவ்வொரு நழுவலும் ஒரு தட்டலாகிறது. ஒலிக்கும் இடத்தின் பலகையை மின்கம்பிகளைக் கவனித்து எழுப்பி, குழாய்க்கும் மரத்துக்கும் இடையே கம்பளித்துண்டையோ நுரைப்பட்டையையோ செருகவேண்டும். ரேடியேட்டர் தொங்கும் தாங்கிகளில் பிளாஸ்டிக் உறை இல்லையெனில் அதையும் இடவேண்டும். பாய்லரின் நீர்வெப்பத்தைக் குறைப்பதும் நீட்சியைக் குறைக்கும். வெந்நீரைத் தேக்கிவைக்காமல் வேண்டும்போதே சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் உள்ள வீட்டில் ரேடியேட்டருக்குரிய அளவை 60 பாகையளவில் வைப்பது எரிபொருளையும் மிச்சப்படுத்தும். வெந்நீர் உருளை உள்ள வீட்டில் லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்கத் தேக்கிய நீர் 60 பாகையாவது எட்டவேண்டும் என்பதால், அங்கு இம்மாற்றத்தைப் பணியாளரைக் கேட்டே செய்யவேண்டும்.

பாய்லரின் உறுமல், வெப்பமாற்றியின் சுவரில் ஒட்டிய சுண்ணப் படிவுக்குள் நீர் சிக்கி ஆங்காங்கே கொதிப்பதால் எழுவது. லண்டனும் இங்கிலாந்தின் தென்கிழக்கும் சுண்ணப்பாறையில் ஊறிய கடின நீரைப் பெறுவதால் இவ்வொலி அங்கே மிகுதி. கறுத்த நீர், அடிகுளிர்ந்த ரேடியேட்டர், உறுமும் பாய்லர் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால், அமைப்பை மருந்திட்டுக் கழுவி, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்தி, அரிப்புத்தடுப்பானைக் கலந்து நிரப்பவேண்டும். எப்போது நீரை வடித்தாலும் தடுப்பானும் வடிந்துபோகிறது. மீண்டும் கலக்காமல் விட்ட வீட்டில் கழுவிய செலவு வீணே.

பிரிட்டனுக்கு வெளியே, நியூயார்க்கின் பழைய அடுக்ககங்களில் உள்ளவை போன்ற நீராவி ரேடியேட்டர்களுக்கு, நீர் சுற்றும் அமைப்பைப் பற்றிய மேற்கூறியவை பொருந்தா. ஒற்றைக் குழாய் வகையில் நீராவி செல்வதும் குளிர்ந்த நீர் திரும்புவதும் அதே குழாயில்தான் என்பதால், வால்வு முழுவதும் திறந்தோ முழுவதும் மூடியோ இருக்கவேண்டும். பாதி திறந்தால் தேங்கிய நீரை நீராவி மோதி இடியோசை எழுப்பும். ரசமட்டத்தை ரேடியேட்டரின் மேல் வைத்து, வால்வு உள்ள பக்கம் நோக்கிச் சற்றே சரிவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் மறுபக்கக் கால்களின் அடியில் மெல்லிய மரத்துண்டுகளை வைத்தால் நீர் வடிந்தோட வழி கிடைக்கும்.